ஓய்வுக்காலத்தில் கத்தி செய்யக் கற்றல்: முதல் கத்திக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கையால் கத்தி செய்யும் வேலையில் பெரும்பகுதி, அரத்தால் அராவுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், அளந்து பார்ப்பதும், மறுபடியும் அராவுவதும்தான். தோள் வலுவை விடக் கண்ணின் கவனமும், நாளைக்கும் தொடரலாம் என்ற மன நிதானமுமே இதற்கு அதிகம் தேவை. அதனால்தான் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இது மிகப் பொருத்தமான பொழுதுபோக்கு என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் ஓய்வு பெற்றவுடன் கையில் இருக்கும் பணத்தில் பெரிய பெல்ட் கிரைண்டரையும் (சுழலும் உப்புத்தாள் பட்டையால் தேய்க்கும் இயந்திரம்) எரிவாயு உலையையும் வாங்கி வைத்துவிட்டுத் தொடங்குவது தவறான வழி. இயந்திரம் வேகமாகத் தேய்க்கும். கற்றுக்கொள்ளாத கையில் அது பிழையையும் அதே வேகத்தில் செய்யும். முதல் சில கத்திகளைக் கைக்கருவிகளால் மட்டுமே செய்யுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

கத்தி செய்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. உருக்கைச் செந்தணலில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொடுப்பது ஒன்று. தட்டையான உருக்குப் பட்டையிலிருந்து வேண்டாத பகுதிகளை வெட்டியும் தேய்த்தும் நீக்கி வடிவம் காண்பது மற்றொன்று. இரண்டாவது முறையை அமெரிக்கக் கத்திக் கலைஞர் ராபர்ட் லவ்லெஸ் (1929–2010) போன்றவர்கள் பெரிதும் பரப்பினார்கள். சம்மட்டி வீச்சு தோள்மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் தரும் அதிர்ச்சியை எண்ணிப் பார்த்தால், அறுபதைக் கடந்தவர் இரண்டாவது முறையில் தொடங்குவதே நல்லது. இதில் செய்த கத்தி தரத்தில் தாழ்ந்தது என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. அதற்கு அடிப்படை இல்லை. இன்றைய ஆலை உருக்கு சீரானது. அதை அடித்துத்தான் மேம்படுத்த வேண்டும் என்பதில்லை. கத்தியின் தரத்தை முடிவு செய்வது, காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்கும் வெப்பப் பதப்படுத்தலும், வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், வடிவமும் ஆகும்.

உடலும் வேலையிடமும்

வேலைமேசையின் மேல் பொருத்திய, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். காலுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும், அருகில் உயரமான முக்காலியும் வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் கோட்டைப் பார்த்துத் தேய்க்க வேண்டிய வேலை என்பதால், உருப்பெருக்கி பொருத்திய விளக்கு ஆடம்பரமல்ல, அவசியம். வாசிப்புக் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே மாட்டக்கூடிய பாதுகாப்புக் கண்ணாடியை வாங்க வேண்டும். சாதாரண மூக்குக் கண்ணாடி தெறிக்கும் உருக்குத் துணுக்கைத் தடுக்காது.

தூசியை யாரும் இலேசாக எண்ண வேண்டாம். உருக்குத் தூசி, கடின மரத்தூள், குறிப்பாக ஜி-10 எனப்படும் கண்ணாடியிழைப் பலகையின் தூள் ஆகியவை நுரையீரலில் தங்கும். ஈட்டி மர இனத்தைச் சேர்ந்த பல மரங்களின் தூள் தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். துணி முகமூடி இதற்குப் போதாது. நுண்தூசியையும் தடுக்கும் பி-100 வகை வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். உருக்கைத் தேய்க்கும்போது பறக்கும் பொறி, முன்பு தேய்த்த மரத்தூளில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதால், ஒரு வேலையிலிருந்து மற்றதற்கு மாறுமுன் இடத்தைக் கூட்டித் துடைப்பது கட்டாயம்.

இந்த வயதிற்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியும். ஆகவே அழுத்திக் கட்டும் துணிக்கட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை போட வேண்டிய டெட்டனஸ் தடுப்பூசியை எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்று பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள், உருக்கைச் சோதிக்கப் பயன்படும் காந்தத்தை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருக்க வேண்டும். மின்தூண்டல் உலையையோ வெல்டிங் கருவியையோ அணுகுமுன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்கள், அதிரும் இயந்திரங்களைத் தவிர்த்து அரத்தோடு நின்றுகொள்வது நலம்.

முதல் கருவிகள்

தேவையானவை அதிகமில்லை. உறுதியான வைஸ், ஹாக்ஸா, பத்து அல்லது பன்னிரண்டு அங்குல முரட்டு அரம் ஒன்று, நேர்த்தியான அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, டிரில் இயந்திரம், நான்கைந்து சி-கிளாம்புகள், 120 முதல் 600 எண் வரையிலான உப்புத்தாள்கள், ஓர் எஃகு அளவுகோல், ஒரு வெர்னியர் காலிப்பர். அரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான அரம் ஒரு கத்தி முடியுமுன் மழுங்கிவிடும். அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு வேலை செய்தால் உருக்குத்தூள் அடைபடாது. அப்படியும் அடைபட்டால் கம்பித் தூரிகையால் பல்லின் போக்கிலேயே சுத்தம் செய்ய வேண்டும். அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னோக்கி இழுக்கும்போது அழுத்தினால் பல் தேயும்.

உருக்கைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கத்திக்கு 1084 என்ற எண்ணுள்ள கார்பன் உருக்கையே பரிந்துரைப்பேன். அதில் கார்பன் ஏறத்தாழ 0.84 விழுக்காடு இருக்கிறது. அந்த அளவில் கார்பன் எளிதாகவும் முழுமையாகவும் உருக்கில் கரைந்துவிடுவதால், குறிப்பிட்ட வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருக்க வேண்டியதில்லை. எளிய உலையிலேயே நல்ல பலன் கிடைக்கும். 1095 உருக்கு பெயர் பெற்றது என்றாலும், அது ஒரு நொடிக்குள் குளிர்ந்தாக வேண்டியது. அதற்கென்று விரைவாகக் குளிர்விக்கும் தனி எண்ணெய் வேண்டும். ஓ-1 கருவி உருக்கு குளிர்விக்கும்போது நெளியாமல் நேராக நிற்கும். ஆனால் அதைச் சரியான வெப்பத்தில் பத்து நிமிடமாவது நிறுத்திவைக்க, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின்உலை தேவை. 440சி போன்ற துருப்பிடிக்காத உருக்குகள் 1000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் கேட்பவை. அவற்றை விரும்புபவர்கள், வடிவத்தைத் தாமே செய்து, பதப்படுத்தலை அதற்கென இயங்கும் தொழிற்கூடத்திடம் ஒப்படைக்கலாம்; அதில் குறைவொன்றும் இல்லை.

பழைய அரம், வண்டியின் வில் தகடு முதலியவற்றில் கத்தி செய்யும் ஆசை பலருக்கும் வரும். அவை எந்த உருக்கு என்பது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் உள்ளே இருக்கலாம். பல வாரம் உழைத்த பிறகு அது வெளிப்பட்டால் ஏற்படும் சோர்வு பெரிது. மென்மையாக்கப்பட்ட நிலையில் விற்கும் புதிய பட்டையையே, 3 மில்லிமீட்டர் தடிமனில், வாங்குங்கள்.

வரைபடமும் மாதிரியும்

முதல் கத்தி சிறியதாகவும், காம்பு (பிடிக்குள் செல்லும் உருக்குப் பகுதி) பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் நீள்வதாகவும் இருக்கட்டும். வெட்டும் பகுதியான அலகு 90 முதல் 100 மில்லிமீட்டர், பிடி 110 முதல் 120 மில்லிமீட்டர், முதுகு நுனியை நோக்கி மெல்லத் தாழும் வடிவம்; இவை போதும். பெரிய கத்தி பெரிய பிழைகளுக்கு இடம் தரும். அதைச் சீராகக் காய்ச்சுவதும் கடினம். வரைந்ததைத் தடித்த அட்டையில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு மெல்லிய பலகையில் அதையே வெட்டி, இருபுறமும் மரத்துண்டு ஒட்டி, பிடியை உண்மையான தடிமனுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுதும் அவ்வப்போது எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாளில் அழகாகத் தெரியும் வளைவு உள்ளங்கையில் உறுத்துவது அடிக்கடி நடக்கும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சற்றுப் பருத்த பிடி இதமானது.

வரைபடத்தில் கூர்மையான உள்மூலைகள் எங்கும் இருக்கக் கூடாது. பிடியும் அலகும் சேரும் இடத்தில் செங்கோணமாக வெட்டினால், எண்ணெயில் தோய்க்கும்போது வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். எல்லா உள்மூலைகளையும் அரைவட்ட அரத்தால் வளைவாக்கிவிடுங்கள்.

வெட்டுதலும் அராவுதலும்

வடிவத்தைப் பட்டையின் மேல் ஊசிமுனையால் கீறி, கோட்டுக்கு வெளியே ஹாக்ஸாவால் வெட்டி, மிச்சத்தை அராவி எடுங்கள். வளைவான பகுதிகளில் கோட்டை ஒட்டி நெருக்கமாகத் துளைகளிட்டு, இடையிலுள்ள உருக்கை அறுத்து நீக்குவது எளிது. காம்பில் ஆணிகளுக்கான துளைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். கடினமாக்கிய பின் சாதாரணத் துளைமுனை அதில் இறங்காது. துளையிடும்போது பட்டையைக் கையால் பிடிக்கவே கூடாது, ஏனெனில் துளைமுனை சிக்கினால் பட்டை அப்படியே சுழன்று விரலை அறுத்துவிடும். ஆணித்துளைகளைத் தவிர வேறு சில துளைகளும் காம்பில் இட்டால் எடை குறையும். பசை ஒருபுறத்திலிருந்து மறுபுறம் பாய்ந்து இறுகவும் உதவும்.

அடுத்து வருவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை: அலகின் இரு பக்கங்களையும் வாயை நோக்கிச் சரிவாக்குதல். வாய்ப்பகுதியின் விளிம்பில் மையைப் பூசி, நடுக்கோட்டின் இருபுறமும் சம தூரத்தில் இரண்டு இணைகோடுகளைக் கீறுங்கள். அவற்றுக்கு இடையே சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும். இந்தத் தடிமனை வெப்பப் பதப்படுத்தல் முடியும்வரை விட்டுவைக்க வேண்டும். வாயை மெல்லியதாக்கிக்கொண்டு உலையில் வைத்தால் அது அலை அலையாய் நெளியும் அல்லது வெடிக்கும். முதலில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அராவிக் கோட்டைத் தொடுங்கள். பின்னர் அரத்தின் சாய்வைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சரிவை முதுகை நோக்கி ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை முழுதாய் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், பத்துப் பதினைந்து தள்ளல்களுக்கு ஒருமுறை பக்கம் மாற்றினால் வாய் நடுவில் நிற்கும். கை நடுக்கமோ பழக்கமின்மையோ இருந்தால், அரத்தை ஒரு கம்பியில் இணைத்து, அக்கம்பியை ஒரு வளையத்தின் வழியே ஓடவிட்டுச் சாய்வை நிலைநிறுத்தும் எளிய சட்டத்தைப் பலகையிலேயே செய்துகொள்ளலாம். அதைப் பயன்படுத்துவது திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தக் கட்டத்திலேயே 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்துவிடுங்கள். ஆழமான குறுக்குக் கீறல்கள் விட்டுவைத்தால் அவையும் வெடிப்புக்கு வழிவகுக்கும். கடினமான உருக்கில் அவற்றை நீக்குவதும் பலமடங்கு உழைப்பு.

வெப்பப் பதப்படுத்தல்

இந்தப் படியில் கத்தியின் தன்மை முழுதும் தீர்மானமாகிறது. ஆகவே இதில் நின்று நிதானிக்க வேண்டும். இரண்டு மென்மையான வெப்பக்காப்புச் செங்கற்களைக் குடைந்து, பக்கத்துளை வழியே எரிவாயுச் சுடரைச் செலுத்தினால் 100 மில்லிமீட்டர் அலகுக்குப் போதுமான உலை கிடைக்கும். இதை வெட்டவெளியில்தான் இயக்க வேண்டும். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வேலை மாலையில் மங்கலான வெளிச்சத்தில் நடக்கட்டும். நண்பகல் வெயிலில் உருக்கின் நிறத்தை மதிப்பிட முடியாது.

வெட்டியும் அராவியும் உருக்கில் ஏறியிருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த, முதலில் அலகைச் செவ்வொளி வரும்வரை காய்ச்சி, காற்றில் தானாகக் கறுக்கவிடுங்கள். இதை மும்முறை, ஒவ்வொரு முறையும் சற்றே குறைந்த வெப்பத்தில் செய்தால் உருக்கின் உள்ளிருக்கும் படிக மணிகள் நுண்ணியவையாகும். பிறகு கடினமாக்குதல். காய்ச்சிய அலகைக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள்: 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. 1084-க்கு வேண்டியது ஏறத்தாழ 815 டிகிரி; ஆகவே காந்தம் பிடிக்காமல் போன நிலையிலிருந்து நிறம் ஒரு படி மட்டும் கூடும்வரை பொறுத்து, நுனி முதல் காம்பின் தொடக்கம் வரை ஒரே நிறமாய் ஒளிர்வதைப் பார்த்ததும், தயங்காமல் எண்ணெயில் இறக்க வேண்டும். நுனி மெல்லியது என்பதால் விரைவில் மிகையாகக் காயும். அலகை உலைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

எண்ணெய்க்குக் கனோலா போன்ற தாவர எண்ணெயே போதும். நான்கு லிட்டரளவு எண்ணெயை, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில், 50 முதல் 55 டிகிரி வரை சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெய் பிசுபிசுப்பாய் இருப்பதால் மெதுவாகவே வெப்பத்தை வாங்கும். தண்ணீர் வேண்டாம், அது இந்த உருக்கை வெடிக்கச் செய்யும். அலகை நேராக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒருபுறம் முந்திக் குளிர்ந்து வளைந்துவிடும். எண்ணெய் ஒரு கணம் தீப்பற்றலாம். மூடியை மூடினால் அணைந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். பத்து நொடிக்குப் பின் எடுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். உருக்கு இன்னும் சூடாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் கையுறை அணிந்த கையாலேயே சிறு வளைவை நிமிர்த்தலாம். முழுதும் குளிர்ந்த பின் முயன்றால் ஒடிந்துவிடும்.

ஆறிய அலகின் வாயில் பழைய அரத்தை ஓட்டிப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் உருக்கு கடினமாகிவிட்டது. மேற்பரப்பில் கார்பன் இழந்த மெல்லிய படலம் இருக்கக்கூடும் என்பதால், முதலில் சிறிது பிடித்துப் பிறகு வழுக்கினாலும் கவலை இல்லை. இந்த நிலையில் அலகு எளிதில் நொறுங்கக்கூடியது. கீழே போட்டால் உடையும். அன்றைய தினமே மின்அடுப்பில் (ஓவனில்) 205 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். டெம்பரிங் எனப்படும் இந்தப் படி சிறிது கடினத்தை விட்டுக்கொடுத்து, உடையாத உறுதியைத் தருகிறது. முடிவில் கடினம், அதை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60-க்கு அருகில் நிற்கும். தேய்த்துத் துடைத்த பகுதியில் இளம் வைக்கோல் நிறம் தெரியும். வீட்டு அடுப்புகளின் வெப்பம் ஏறி இறங்கும் என்பதால், மணல் பரப்பிய தட்டில் அலகைப் புதைத்து, தனி வெப்பமானியை உள்ளே வைத்து அளப்பது பாதுகாப்பு.

அதே பட்டையின் ஒரு துண்டையும் சேர்த்துக் கடினமாக்கி, டெம்பரிங் செய்யாமல், துணியில் சுற்றி வைஸில் வைத்து முறித்துப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் வெப்பம் சரி. சர்க்கரை தூவியது போல் பருமணிகள் மினுங்கினால் மிகையாகக் காய்ச்சிவிட்டீர்கள். வேறெந்த வழியும் இவ்வளவு தெளிவாக உங்கள் உலையைப் பற்றிச் சொல்லாது.

மெருகும் பிடியும்

இனி அலகின் சரிவை இறுதித் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும், வாயில் 0.4 மில்லிமீட்டர் அளவு மிஞ்சட்டும். உப்புத்தாளைத் தட்டையான உருக்குத் துண்டில் சுற்றி, ஒவ்வோர் எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கீறல் முற்றிலும் போனதா என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னாளில் இயந்திரத்தில் தேய்ப்பவர்கள் அலகை அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். வாயில் நீல நிறம் தோன்றிவிட்டால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது என்று பொருள். பளபளப்பாக்கும் துணிச்சக்கரத்தை மட்டும் ஒருபோதும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அலகின் விளிம்பைப் பற்றி இழுத்து, செய்பவர் மீதே வீசியெறியும் அந்தச் சக்கரத்தைப் பட்டறையிலேயே ஆபத்தான இயந்திரம் என்று அனுபவசாலிகள் சொல்வது மிகையல்ல. கையால் தேய்த்த மெருகு அழகாகவே இருக்கும்.

பிடிக்கு, நன்கு உலர்ந்த கடின மரமோ, பிசின் ஏற்றி உறுதியாக்கிய மரமோ, துணி அல்லது தாள் அடுக்குகளைப் பிசினால் இறுக்கிய மைகார்ட்டாவோ ஏற்றவை. பிடிப்பலகைகளின் முன்முகங்களை ஒட்டுவதற்கு முன்பே முழுதாக மெருகேற்றிவிடுங்கள், ஏனெனில் ஒட்டிய பின் அலகைக் கீறாமல் அங்கே தேய்க்க முடியாது. காம்பையும் பலகைகளின் உட்புறத்தையும் முரட்டுத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, 24 மணி நேரத்தில் இறுகும் எப்பாக்சி பசையைப் பூசிப் பித்தளை ஆணிகளை இறக்குங்கள். கிளாம்பை மிக இறுக்கினால் பசை முழுதும் வெளியேறி மூட்டு பலவீனமாகும். மிதமான அழுத்தம் போதும். அலகை நாடாவால் சுற்றி வைத்துவிட்டு, பலகை மாதிரியில் கண்ட வடிவத்துக்கு மரத்தை அரத்தாலும் தாளாலும் கொண்டுவாருங்கள். மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால், பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

கூர் தீட்டுதலும் சோதனையும்

எல்லாம் முடிந்த பிறகே கூர். 1000 எண் கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில், மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டி, பின் பக்கம் மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, தோல்பட்டையில் பிசிறை நீக்குங்கள். தாளை வெட்டுவது சோதனையின் தொடக்கம்தான். காய்ந்த கயிற்றையும் அட்டையையும் தொடர்ந்து வெட்டி, வாய் எப்போது மழுங்குகிறது, எங்கே சிதைகிறது என்று பாருங்கள். விளிம்பு உதிர்ந்தால் கடினம் மிகுதி. அடுத்த முறை டெம்பரிங் வெப்பத்தைப் பத்து டிகிரி கூட்டலாம். விளிம்பு மடங்கினால் கடினம் போதவில்லை, அல்லது வாய் அளவுக்கு மீறி மெல்லியது. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி, தன் தகுதித் தேர்வில் கயிற்றையும் மரத்தையும் வெட்டவைத்து, அதன் பின்னும் மயிரைச் சிரைக்கும் கூர் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் அதே அலகை வைஸில் வைத்து 90 பாகை வளைக்கச் சொல்கிறது. முதல் கத்தியை அப்படி அழிக்க மனம் வராது. ஆனால் இரண்டு மூன்று கத்திகளுக்குப் பின் ஒன்றை இதற்கென்று ஒதுக்கினால் கிடைக்கும் தெளிவு பெரிது.

கார்பன் உருக்கு துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். தோல் உறை அழகானது என்றாலும் அது ஈரத்தை ஈர்க்கும். எடுத்துச் செல்ல மட்டும் உறை, நெடுநாள் வைப்பதற்கு உலர்ந்த பெட்டி. பிறருக்குக் கொடுக்குமுன், உங்கள் பகுதியில் கத்தியின் நீளம், இருபுறக் கூர், எடுத்துச் செல்லுதல் பற்றிய சட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது கத்தியை அதே வரைபடத்தில், அதே உருக்கில் செய்யுங்கள். வேறு வடிவத்துக்குத் தாவ வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் தடிமன், வெப்பம், நேரம், சோதனை முடிவு ஆகியவற்றை எழுதிவைத்து, ஒவ்வொரு கத்தியிலும் ஒன்றை மட்டும் மாற்றினால், எந்த மாற்றம் எந்தப் பலனைத் தந்தது என்று தெரியவரும். அந்தக் குறிப்புகள், அராவும் நேரம்தான் உங்களைத் தடுக்கிறது என்று காட்டும்போது பெல்ட் கிரைண்டரை வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் அகலமும் 1830 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பெல்ட் பொருந்துவதாகவும், வேகத்தைக் குறைக்கக்கூடியதாகவும் அது இருக்கட்டும்.